வன்னியில் இருந்து கமரா வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு, முதன்முறையாகத் தொழிலுக்கென்று கமரா வாங்க நினைக்கும் தம்பி தங்கையருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கடைகளில் கைத்தொலைபேசி தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் லென்ஸ் மாற்றக்கூடிய கமராக்களை நாலைந்து வகையாக அடுக்கி வைத்து, கையிலெடுத்துப் பார்க்க விடும் கடை வேண்டுமென்றால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டும். அங்கும் தெரிவு போதாதென்றால் கொழும்புதான். கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறி, 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, கடை திறக்கும் வரை காத்திருந்து வாங்கி வந்தவர்களுக்கு இது தெரியும். கொழும்பில் குடியிருப்பவர் வேலை முடிந்து போகும் வழியில் மாற்றிவிடக்கூடிய ஒரு குறையை நாம் மாற்றுவதற்கு இரண்டு இரவும் ஒரு பகலும் போய்வரும் காசும் வேண்டும். ஆகவே பழுதில்லாத, முழுமையான, உத்தரவாதம் செல்லுபடியாகும் கமரா ஒன்று நம் வீட்டு மேசைக்கு வந்து சேரும் வரை ஆகும் மொத்தச் செலவையே நாம் விலையென்று கொள்ள வேண்டும்.

முதற்படியாக, வாங்க விரும்பும் கமராவின் முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "கனொன் 200டி" என்று கேட்பதும் "கனொன் 200டி மார்க் 2" என்று கேட்பதும் ஒன்றல்ல; இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளில் வந்த வெவ்வேறு கமராக்கள். அதே நேரம், ஒரே கமரா நாட்டுக்கு நாடு வேறு பெயரில் விற்கப்படுவதும் உண்டு. நமது பக்கத்தில் 200டி மார்க் 2 எனப்படுவது ஐரோப்பாவில் 250டி, வட அமெரிக்காவில் ரெபெல் எஸ்எல்3, யப்பானில் கிஸ் எக்ஸ்10. கனடாவில் இருக்கும் மாமா "எஸ்எல்3 மலிவாகக் கிடக்குது, வாங்கட்டோ?" என்று கேட்டால், அது வேறு கமரா என்று நினைத்து வேண்டாமென்று சொல்லிவிடக் கூடாது.

லென்ஸின் பெயர் இதைவிட முக்கியமானது, ஏனென்றால் விலையைக் குறைத்துக் காட்டும் வேலை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. விளம்பரத்தில் "18–55 லென்ஸுடன்" என்று, லென்ஸின் குவியத்தூரத்தை மி.மீ. இல் சொல்லும் எண்கள் மட்டும் இருக்கும். கனொனின் 18–55 லென்ஸ்களில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஐஎஸ் வசதி உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. நிக்கொனின் ஏஎஃப்-பி 18–55 லென்ஸும் அதே வேலையைச் செய்யும் விஆர் வசதியுடனும் அது இல்லாமலும் வந்திருக்கிறது. இரட்டை லென்ஸ் செற் என்று தரப்படும் கனொன் 75–300 லென்ஸில் அந்த வசதி கிடையாது, 55–250 லென்ஸில் உண்டு. மாலை மங்கிய பின் கோயில் வீதியில் சாமி புறப்படுவதைப் படமெடுக்கும்போது இந்த இரண்டெழுத்தின் பெறுமதி புரியும். ஆகவே லென்ஸின் முன்வளையத்தில் எழுதப்பட்டிருப்பதை எழுத்து விடாமல் தாளில் எழுதிக்கொண்டு, எந்தக் கடையில் கேட்டாலும் அந்தத் தாளைப் பார்த்தே கேட்க வேண்டும்.

அடுத்ததாக, குறைந்தது நான்கு கடைகளில் ஒரே கேள்வியைக் கேளுங்கள். விலை என்ன என்பதுடன் நிறுத்தாமல், அந்த விலைக்குப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும், உத்தரவாதம் யாருடையது, வற் வரி சேர்ந்த விலையா, இந்த விலை எத்தனை நாளைக்கு நிற்கும், பொருள் இப்போது கடையில் இருக்கிறதா என்பவற்றையும் கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் தரத் தயங்கும் கடையைப் பட்டியலில் இருந்து நீக்கிவிடலாம்.

பெட்டிக்குள் இருப்பவற்றை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். 2014 இல் நான் முதற் கமராவை வாங்கியபோது, கொழும்பில் ஒரு கடை தொலைபேசியில் சொன்ன விலை மற்றெல்லாக் கடைகளையும் விடக் குறைவாக இருந்தது. இரவு பஸ்ஸில் போய் இறங்கி, காசை எண்ணி வைத்த பிறகு, விற்பனையாளர் மிகவும் அன்பாக, "தம்பி, அது பொடிக்கு, வெறும் கமரா உடலுக்கு மட்டும்தானே. பற்றரி, சார்ஜர், பெல்ட் எல்லாம் வேறை. பற்றரியில்லாமல் என்னெண்டு படமெடுப்பீங்கள்?" என்றார். உற்பத்தியாளர் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பியிருந்த பற்றரியையும் சார்ஜரையும் வெளியே எடுத்து, அவற்றையே எனக்குத் தனியாக விலை பேசினார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெறுங்கையுடன் திரும்பினால் ஊரில் என்ன சொல்வது என்ற வெட்கத்தில் கேட்டதைக் கொடுத்தேன். கணக்குப் பார்த்தபோது, விலை கூடவென்று நான் விட்டுவந்த கடையை விட அதிகமாகக் கொடுத்திருந்தேன்.

இது நம் நாட்டில் தோன்றிய பழக்கம் அல்ல. அமெரிக்காவில் ஒளிப்பட இதழ்களின் பின்பக்கங்களில் பொடியெழுத்தில் நூற்றுக்கணக்கான விலைகளை அச்சிட்டு, தொலைபேசியில் கட்டளை பெற்று, தபாலில் அனுப்பும் வணிகம் பல பத்தாண்டுகள் செழித்திருந்தது. அவற்றுள் நேர்மையாக நடந்த கடைகள் பல. ஆனால் நியூயோர்க்கை மையமாகக் கொண்ட சில கடைகள் செய்த வேலை இன்றும் அப்படியே பின்பற்றப்படுகிறது. நம்ப முடியாத விலையை விளம்பரப்படுத்துவார்கள். வாடிக்கையாளர் கட்டளை கொடுத்ததும், "உறுதிப்படுத்துவதற்காக" ஓர் அழைப்பு வரும். அந்த அழைப்பில் கூடுதல் பற்றரி, லென்ஸின் முன் மாட்டும் பில்டர், பை, நீட்டித்த உத்தரவாதம் என்று ஒவ்வொன்றாகத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாடிக்கையாளர் எதுவும் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால், அதுவரை கடையில் இருந்த கமரா திடீரென்று முடிந்துபோய்விடும். எப்போது வரும் என்றும் சொல்ல மாட்டார்கள். இரையைக் காட்டி இழுத்து வேறொன்றை விற்கும் இந்த முறை அங்கு சட்டப்படி தவறானது. தபால்வழி வணிகத்துக்கென்று 1975 இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு கொண்டுவந்த விதியின்படி, விற்பவர் தாம் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பொருளை அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் தாமதத்துக்கு வாங்குபவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும், அவர் சம்மதிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முகநூல் பக்கத்தில் பார்த்துக் கொழும்புக்குக் காசு அனுப்பும் நாமும் இதே ஒழுங்கைக் கேட்டு வாங்கலாம். "எந்தத் திகதிக்குள் அனுப்புவீர்கள், அனுப்பாவிட்டால் எத்தனை நாளில் காசு திரும்பும்" என்ற ஒரு வரியை எழுத்தில் பெறாமல் ஒரு ரூபாவும் வங்கியில் இடாதீர்கள்.

பற்றரி, சார்ஜர் இல்லாத பெட்டியெல்லாம் ஏமாற்று என்றும் எண்ணிவிடக் கூடாது. சோனியின் பல மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கமராக்களில் தனிச் சார்ஜர் வருவதில்லை. பற்றரியைக் கமராவுக்குள் வைத்தபடியே யூஎஸ்பி வயரால் மின்னேற்ற வேண்டும். எது வரும், எது வராது என்பது உற்பத்தியாளரின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு கமராவுக்கும் எழுதப்பட்டிருக்கும். கடைக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படமாகச் சேமித்து வைத்து, கடைக்காரரின் முன்னால் அதைப் பார்த்தே பெட்டியைப் பிரியுங்கள்.

இனி, ஒரே கமராவுக்குக் கடைக்குக் கடை விலை ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் கமரா முழுவதும் இறக்குமதி. டொலர் ஏறினால் விலை ஏறும். 2022 இல் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவை எட்டியபோது, காலையில் சொன்ன விலை மாலையில் நிற்கவில்லை. 2024 சனவரி 1 முதல் வற் வரி 18 சதவீதம். இவை எல்லாக் கடைக்கும் பொதுவானவை. கடைகளுக்கு இடையில் வேறுபாட்டை உண்டாக்குவது பொருள் வந்த வழி. உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற முகவர் ஊடாக வந்த கமராவுக்குக் "கொம்பனி வொறன்ரி" இருக்கும். துபாய், சிங்கப்பூர் போன்ற இடங்களில் மொத்தமாக வாங்கி வேறு இறக்குமதியாளர் கொண்டுவந்த கமராவுக்குக் "கடை வொறன்ரி" மட்டுமே இருக்கும். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்த, ஒரே தரத்துக் கமராவாக இருக்கலாம். பழுது வரும்போதுதான் வேறுபாடு தெரியும். கடை வொறன்ரி என்பது அந்தக் கடை திறந்திருக்கும் வரைதான், அந்தக் கடைக்காரர் தெரிந்த திருத்துநரிடம் கொடுத்துத் திருத்தித் தரும் வரைதான்.

கடை வொறன்ரியில் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பழுதாகும் வாய்ப்புக் குறைந்த, மோட்டர் சிக்கலற்ற 50 மி.மீ. லென்ஸ் போன்றவற்றை அப்படி வாங்கி நானே ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் முதற் கமராவைக் கடன்பட்டு வாங்கி, அடுத்த வாரமே சாமத்தியச் சடங்குக்கு முற்பணம் வாங்கியிருக்கும் ஒருவர், சிறு வித்தியாசத்துக்காகக் கொம்பனி வொறன்ரியைக் கைவிடுவதை நான் ஏற்க மாட்டேன். எதை வாங்கினாலும், எந்த வொறன்ரி என்பதும் எத்தனை மாதம் என்பதும் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விலையைப் பார்த்தே பொருளின் வழியை ஓரளவு ஊகிக்கலாம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களுக்கு உற்பத்தியாளர் கொடுக்கும் கொள்விலை ஏறத்தாழ ஒன்றே; அதனால் அவர்களுடைய விற்பனை விலைகளும் ஒன்றுக்கொன்று கிட்டத்தான் நிற்கும். வெளிநாடுகளில் இது இன்னும் இறுக்கமானது. குறிப்பிட்ட விலைக்குக் கீழே விளம்பரப்படுத்தக் கூடாது என்று உற்பத்தியாளரே நிபந்தனை வைப்பார். கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள இணையக் கடையில் "விலையைப் பார்க்கக் கூடையில் இடுக" என்று வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். எல்லாக் கடையும் ஒரு விலையைச் சுற்றி நிற்க, ஒன்று மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொன்னால், அது முகவர் வழியில் வராததாக, அல்லது பாவித்துத் திருப்பித் தந்ததாக, அல்லது உள்ளிருப்பவை குறைக்கப்பட்டதாக, அல்லது இல்லவே இல்லாத பொருளாக இருக்கும். நான்கில் எது என்று தெரியும் வரை காசு கொடுக்க வேண்டாம்.

"முழுச் செற்" என்ற சொல்லைக் கேட்டதும் கவனம் வேண்டும். கமரா, பை, முக்காலி, பில்டர், துடைக்கும் தூரிகை, மெமறி காட் எல்லாம் சேர்த்து ஒரே விலை என்பார்கள். கமராவில் கடைக்காரருக்குக் கிடைக்கும் இலாபம் குறைவு. இந்த உதிரிப் பொருட்களில்தான் அவருக்கு மிச்சம். அது அவருடைய பிழைப்பு, அதில் தவறில்லை. ஆனால் நமக்குத் தேவையானதை நாமே தெரிவுசெய்ய வேண்டும். காற்றுக்கு ஆடும் முக்காலியால் பயனில்லை. மலிவான பில்டர் நல்ல லென்ஸின் முன்னால் கலியாண வீட்டு விளக்குகளை இரட்டை இரட்டையாகக் காட்டும். மெமறி காட்டில் போலி மிகுதி. 64 ஜிபி என்று எழுதி 8 ஜிபி மட்டும் உள்ள காட் நிரம்பிய பிறகு எடுக்கும் படமெல்லாம் சத்தமில்லாமல் அழிந்துபோகும். புதிய காட்டை ஒருமுறை வீடியோவால் முழுதும் நிரப்பி, கணினியில் போட்டு, முதலில் இருந்து கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்த பின்பே சடங்கு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். 2009 இடப்பெயர்வில் அல்பங்களை எல்லாம் கைவிட்டு வந்த குடும்பங்கள் இந்த மண்ணில் எத்தனையோ. அவர்கள் நம்மை அழைத்து எடுப்பிக்கும் ஒரு படத்தையும் மலிவான காட்டை நம்பித் தொலைக்க நமக்கு உரிமை இல்லை.

பணம் கொடுக்கும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கி அட்டையால் கொடுத்தால் 3 சதவீதம் கூடும் என்று சில கடைகள் சொல்லும். அந்தக் கட்டணம் வங்கிக்கும் கடைக்கும் இடையிலானது. அதை வாடிக்கையாளர் தலையில் ஏற்றுவது அவர்களின் உடன்படிக்கைக்கு மாறானது என்பதை மத்திய வங்கியே பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. உங்கள் அட்டையைத் தந்த வங்கியிடம் முறையிடலாம். தவணைக்கு வாங்குபவர் மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் முழுவதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். உதாரணமாக, கைக்காசுக்கு 240,000 ரூபாவான கமராவுக்கு 60,000 ரூபா முற்பணமும் 12 மாதத்துக்கு 19,000 ரூபாவும் என்றால், மொத்தம் 288,000 ரூபா. நீங்கள் உண்மையில் கடனாகப் பெறுவது 180,000 ரூபா. அதற்கு ஓராண்டில் 48,000 ரூபா கொடுக்கிறீர்கள். காலபோக அறுவடைக்குப் பின் வரும் கலியாணக் காலத்தில் அத்தனை உழைப்பு வருமா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பொருளைக் காணாமல் முழுப் பணத்தையும் வங்கியில் இடச் சொல்லும், கடை முகவரி இல்லாத முகநூல் பக்கங்களை முற்றாக விலக்குங்கள்.

பொதியைப் பெறும் நாள்தான் மிகுந்த பொறுமை வேண்டிய நாள். இரவு பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்துவிடும் பார்சல் மலிவு. ஆனால் வழியில் அடிபட்டால் பொறுப்பெடுக்க எவருமில்லை. கூரியரில் பெறுமதியை அறிவித்து அனுப்பச் சொல்லுங்கள். அண்மையில் புதுக்குடியிருப்பில் ஒரு தங்கைக்கு வந்த பொதியை நானும் கூட இருந்து திறந்தேன். அவருடைய தம்பி தொலைபேசியால் தொடர்ந்து வீடியோ எடுக்க, முகவரிச் சீட்டில் தொடங்கி, ஒட்டுநாடா கிழியாமல் இருப்பதைக் காட்டி, பிறகு பெட்டியை வெட்டினோம். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த தொடரிலக்கமும் கமராவின் அடியில் இருந்த தொடரிலக்கமும் கடைசி நான்கு எண்களில் வேறுபட்டன. அதாவது வேறொரு கமராவின் பெட்டிக்குள் இந்தக் கமரா வைக்கப்பட்டிருந்தது. பெல்ட் கோர்க்கும் வளையத்தில் உரசிய தடமும் இருந்தது. வீடியோ கையில் இருந்தபடியால் கடை மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தது. தொடரிலக்கம் மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்: பெட்டியில், கமராவில், உத்தரவாத அட்டையில்.

அதன் பின் லென்ஸ் மூடியைப் போட்டபடி ஒரு படமும், வெள்ளைச் சுவரைக் கூர்மை கலைத்து ஒரு படமும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குறை இருந்தால், முதலாவதில் நிறப் புள்ளிகளும், இரண்டாவதில் தூசிக் கறைகளும் தெரியும். நிக்கொன் கமரா எடுத்த படக் கோப்பிலேயே இதுவரை எத்தனை படம் எடுக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணிக்கை பதிவாகியிருக்கும்; அதைப் படித்துக் காட்டும் இணையப் பக்கங்கள் உண்டு. புதியதென்று வந்த கமராவில் அந்த எண் ஆயிரக்கணக்கில் இருக்க முடியாது. பழைய கமரா வாங்குவோருக்கும் இதே எண்ணே அளவுகோல். தொடக்கநிலைக் கமராக்களில் ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் பொதுவாக ஒரு இலட்சம் படம் அளவுக்குச் சோதிக்கப்படுகிறது. பழைய லென்ஸை டோர்ச் வெளிச்சத்தில் பின்பக்கத்தால் பார்த்து, சிலந்தி வலை போன்ற பூஞ்சணம் தெரிந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நம் மாரிகால ஈரத்தில் அது மேலும் படரும்.

வெளிநாட்டு உறவினர் மூலம் வாங்குவோர் வரியை மறந்துவிடுகிறார்கள். ரொறன்ரோக் கடையில் எழுதியிருக்கும் விலைக்கு மேல் 13 சதவீத வரி வரும். பாரிசிலும் லண்டனிலும் எழுதியிருக்கும் விலைக்குள்ளேயே 20 சதவீத வரி அடங்கியிருக்கும். இவற்றை ஒரே தளத்தில் வைத்தே ஒப்பிட வேண்டும். தபாலில் அனுப்பினால் இங்கே சுங்கத்திலும் கட்ட வேண்டிவரும். யப்பானில் உள்நாட்டுக்கென்று விற்கும் சோனி கமராக்களில் பெரும்பாலானவற்றில் யப்பானிய மொழி தவிர வேறு மொழி கிடையாது. விலை மலிவென்று வாங்கிவந்து மெனுவைப் படிக்க முடியாமல் தவித்தவரை எனக்குத் தெரியும். வட அமெரிக்காவில் வாங்கிய கமராவில் செக்கனுக்கு 30 பிரேமில் எடுக்கும் வீடியோ நம்மூர் ரியூப் லைற்றின் கீழ் துடிக்கும், ஏனென்றால் நமது மின்சாரம் 50 ஹேட்ஸ். மெனுவில் பால் (PAL) என்ற வீடியோ முறைக்கு மாற்றி 25 பிரேமில், ஷட்டரைச் செக்கனில் ஐம்பதில் ஒன்றாக வைத்து எடுத்தால் துடிப்பு நின்றுவிடும். சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்பவை. முனையை மட்டும் மாற்றினால் போதும், ஆனால் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டே செருகுங்கள்.

குறை நேர்ந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டால் தர வேண்டியது வணிகரின் கடமை. கடை தீர்த்துவைக்காவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். எழுத்து மூல முறைப்பாட்டைப் பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டின் அடியில் "விற்ற பொருள் மீளப்பெற மாட்டாது" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு முறைப்பாடு செய்யாமல் இருந்துவிடாதீர்கள். இன்று பல கடைகள் தரும் பற்றுச்சீட்டு வெப்பத்தால் அச்சாகும் தாள். நம் வெயிலில், மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் இரண்டு மாதம் கிடந்தால் வெற்றுத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே, கடை வாசலில் நின்றபடியே, அந்தப் புதுக் கமராவால் எடுக்கும் முதற் படமாகப் பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.